கோயில் புத்தகத்தில் இருந்த பெயர்

தலைமன்னார் பஸ்ஸில் என் முன் இருக்கையில் எழுபது கடந்த அண்ணனும் அவருடைய தங்கையும் இருந்தார்கள். தாராபுரம் தாண்டியதும் அண்ணன் சொன்னார்.

“எனக்கு ஞானஸ்நானம் தந்தது பங்குச் சுவாமி இல்லையாம்.”

“ஆர் சொன்னது?”

“கோயில் புத்தகம். கனடாவில இருந்து மகள் எங்கட பரம்பரை விபரம் கேட்டவள். அதுக்காகப் பழைய பதிவு பார்க்கப் போனனான். பிறக்கேக்க மூச்சில்லாமல் கிடந்தனானாம். சுவாமி வருமட்டும் பிள்ளை தாங்காதெண்டு, பேறு பார்த்தவவே தண்ணி ஊத்திச் செபம் சொல்லி ஞானஸ்நானம் குடுத்திருக்கிறா. மதலேனாள் எண்டு பேர் எழுதிக் கிடக்கு.”

“அந்த நாளில எங்கட வீட்டுக்குப் பின்வாசலால வாற மதலேனாளோ?”

“ஓம்.”

தங்கை முன்னால் இருந்தவர்களை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“அம்மா ஒருநாளும் சொல்லேல்லையே.”

“சொல்லுவாவோ? மதலேனாளும் சொல்லிக் காட்டேல்லை.”

“மகளுக்கு அந்தப் பேரை அனுப்பாதேங்கோ, அண்ணை. பிள்ளையள் அவ ஆரெண்டு கேட்டால் என்னத்தைச் சொல்லுறது?”

நான் பத்திரிகையை விரித்து வைத்திருந்தேன். வாசிக்கவில்லை. பஸ் பேசாலையைத் தாண்டியது. அண்ணன் தன் கைகளைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“அவ தண்ணி கேட்டால் நாங்கள் செம்பைக் கையில குடுக்கிறேல்லை. நான்தான் எட்ட நிண்டு ஊத்திறனான். குனிஞ்சு ரெண்டு கையையும் ஏந்திக் குடிப்பா. அந்தக் கையாலதான் என்ர தலையில ஊத்தியிருக்கிறா.”