காபியை மன்னித்தவன்

காபி எனக்கும் பிடிக்கும், டாக்டரம்மா. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுப்பவன் நான். என் பக்கம் ஸ்டியரிங் கிடையாது, பிரேக் மட்டும் உண்டு. பஸ்ஸில் போனாலும் தரையை மிதித்துக்கொண்டேதான் வருவேன். பக்கத்தில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். அப்படிப்பட்டவனுடைய மனைவி உண்டானால் அவள் கதி என்ன என்று பார்த்துக்கொள்ளுங்கள். மாடிப்படி ஏறாதே, குனியாதே, வேகமாகச் சிரிக்காதே. "பேசாம நீங்களே பெத்துக்குங்க," என்றாள். பியூட்டி பார்லர் வேலைக்கும் போனாள், காலையில் ஒரு டம்ளர் காபியும் குடித்தாள். அந்த வீட்டில் என் பேச்சை ஃபேன்கூடக் கேட்டதில்லை.

மூன்றாம் மாதம் கலைந்துவிட்டது. நீங்கள் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டுச் சொன்னது அப்படியே நினைவிருக்கிறது. "கரு உருவானதுலயே கோளாறு. காபியாலயும் இல்ல, வேலையாலயும் இல்ல. அவங்க தன்மேலயே பழியைப் போட்டுக்குவாங்க. முழிச்சதும் முதல்ல இதைச் சொல்லிடுங்க."

சொல்லத்தான் உள்ளே போனேன், சத்தியமாக. அவள் கண் விழித்ததும், "காபியை விட்டிருக்கணும், இல்ல? உங்க பேச்சைக் கேட்டிருக்கணும்," என்று தேம்பினாள். கல்யாணமான நாளிலிருந்து முதல் முறையாக நான் சொன்னது சரி என்கிறாள். அந்த நேரம் பார்த்து இல்லை என்று எப்படிச் சொல்வது? தலையைத் தடவி, "சரி விடு, நான் ஒண்ணும் மனசுல வச்சுக்கல," என்றேன். எவ்வளவு பெரிய மனசு பாருங்கள். எனக்கே கண் கலங்கிவிட்டது.

அதன் பிறகு வீட்டில் சண்டையே இல்லை. பார்லரை விட்டுவிட்டாள். தண்ணீர் குடிக்கக்கூட என் முகத்தைப் பார்க்கிறாள். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு, "மன்னிச்சுடு தங்கம்," என்று அழுவாள். அது எனக்குச் சொல்வதல்ல, போன குழந்தைக்கு. அழுது முடிக்கும்வரை கதவுக்கு வெளியே நின்று துண்டை நீட்டுவேன். எத்தனை புருஷன்கள் நிற்பார்கள் சொல்லுங்கள்.

இப்போது மறுபடியும் மூன்றாம் மாதம். கட்டிலைவிட்டு இறங்கப் பயப்படுகிறாள், ஒரு வாய் சாப்பிடப் பயப்படுகிறாள். ஏன் இப்படி நடுங்குகிறாள் என்று கேட்டீர்கள். நீங்கள் சொல்லச் சொன்னதை நான் சொல்லவில்லை. அவள் தன் குழந்தையைத் தானே கொன்றுவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறாள். நினைக்க விட்டது நான்தான்.

வெளியே உட்கார்ந்திருக்கிறாள். கூப்பிட்டுச் சொல்லிவிடப் பார்க்கிறீர்கள், தெரிகிறது. கொஞ்சம் யோசியுங்கள், டாக்டரம்மா. இந்த நேரத்தில் அவள் மனசு நோகலாமா? குழந்தை பிறக்கட்டும், நானே பக்குவமாகச் சொல்கிறேன். அவள்மேல் என்னைவிட அக்கறை வேறு யாருக்கு இருக்கிறது?