நாலு நல்ல வார்த்தை

வேலை தேடி வரும் பையன்களிடம் நான் முதலில் சொல்வது, கழுத்தில் கட்டியிருக்கும் டையைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொள் என்பதுதான். எங்கள் கோயம்புத்தூர் முதலாளிகள் வேட்டி கட்டுகிறவர்கள். டை கட்டிய ஒருவன் அறைக்குள் நுழைந்தால், தாங்கள்தான் வேலை கேட்டு வந்திருக்கிறோமோ என்ற மயக்கத்தில் எழுந்து நின்றுவிடுவார்கள். அப்புறம் அந்த வெட்கத்துக்காகவே அவனை எடுக்க மாட்டார்கள். டிகிரி சர்டிபிகேட்டையும் கேட்கும்வரை நீட்டக் கூடாது. அவர்கள் கேட்கப்போவது ஒரே கேள்விதான்: "உங்களுக்கு எந்த ஊருங்க?" பரீட்சை முழுக்க அதற்குள் அடக்கம். சாப்பிடச் சொன்னால் மறுபேச்சில்லாமல் இலையில் உட்கார்ந்துவிட வேண்டும். பசிக்கவில்லை என்கிறவனை எங்கள் பக்கத்தில் யாரும் நம்புவதில்லை.

என் பெயர் வரதராஜுலு. பீளமேட்டுப் பக்கம் ஒரு நூற்பாலையில் ஆபீஸ் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவன். ஆபீசுக்கு ஆளெடுப்பது என் பொறுப்பாக இருந்தது. ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. சாயங்காலமானால் ராமநாதபுரத்தில் என் வீட்டு முன்னறையில் பி.ஏ.க்களும் பி.காம்.களும் நிறைந்துவிடுவார்கள். ஆள் தேவைப்பட்ட முதலாளிகளும் என்னைத்தான் கேட்பார்கள். அவர்களுக்கும் யோசனை சொல்வேன். முதல் வகுப்பில் தேறியவனை எடுக்காதீர்கள், ஒரு தடவை பரீட்சையில் கோட்டடித்துவிட்டுத் தேறியவனை எடுங்கள், அவன்தான் ரோஷப்படாமல் வேலை செய்வான் என்பேன். இரண்டு தரப்புக்கும் என் சேவை இலவசம்.

என் வாய்வார்த்தையில் எத்தனையோ பேருக்கு வேலை கிடைத்திருக்கிறது. கிடைத்த மறுநாள் மைசூர்பாகு டப்பாவோடு வந்து காலில் விழுவான். அதோடு சரி. பிறகு பஸ்ஸில் என்னைப் பார்த்தால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வான். தைத்த சட்டையை வாங்கிய பிறகு தையல்காரர் கடையில் யார் உட்கார்ந்திருப்பார்கள்? என் சொந்தப் பிள்ளைகள் இரண்டு பேருமே பம்பாயில். மனைவி ராமாமணி காலமாகிவிட்டாள். வந்த பையன்கள் எழுந்து போனபின் அந்த வீட்டில் கேட்பது சுவர்க்கடிகாரம் மட்டும்தான். இதை நான் அனுதாபத்துக்காகச் சொல்லவில்லை. பின்னால் நடந்ததை நீங்கள் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

பாக்கியராஜ் வந்தது ஐம்பத்தெட்டில். உப்பிலிபாளையத்துக் கிறிஸ்தவப் பையன், பி.காம். படித்தவன். தாய் தகப்பன் இல்லை. மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்த அக்கா சாராள்தான் வளர்த்தாள். தம்பிக்கு வேலையான பிறகுதான் தனக்குக் கல்யாணம் என்று வந்த வரன்களை எல்லாம் தள்ளிக்கொண்டிருந்தாள். டையைக் கழற்று என்றால் மற்றவர்கள் முகம் சுளிப்பார்கள். இவன் சிரித்தான்.

"இது எங்க பாஸ்டரோடதுங்க சார். கழட்டிப்போட்டா மறுக்கா கட்டத் தெரியாதுங்க" என்றான்.

அந்த நிமிடமே எனக்கு அவனைப் பிடித்துப்போயிற்று. கண்ணில் புரை விழுந்து நான் பேப்பரை எட்டப் பிடித்துத் தடுமாறுவதைக் கவனித்து, கேட்காமலே வாங்கிப் படித்துக்காட்டினான். மறுநாளும் வந்தான். பேப்பர் முடிந்தால் புத்தகம். பொருட்காட்சியில் மலிவாகக் கிடைத்ததென்று நான் வாங்கி அடுக்கியிருந்த ரஷ்ய நாவல்களை இங்கிலீஷில் ஏற்ற இறக்கத்தோடு படிப்பான். நடுவில் நான் ஏதாவது கேலியாகச் சொன்னால், சரியான இடத்தில் சிரிப்பான். என் பிள்ளைகள் ஒருநாளும் அப்படிச் சிரித்ததில்லை.

இங்கே எங்கள் ஊர்ப் பேச்சைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கொங்கு நாட்டில் யாரைப் பற்றியும் முகத்துக்கு நேரே குறை சொல்லும் வழக்கம் இல்லை. பெண் பார்க்கப் போய்ப் பிடிக்காவிட்டாலும் "பொண்ணு தங்கமுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறுவார்கள். அதனால் ஒருவன் எப்படி என்று கேட்கிற முதலாளி, பாராட்டு வருமா என்று பார்ப்பதில்லை. அது எப்படியும் வரும். எதைப் பாராட்டுகிறோம் என்பதைத்தான் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பார்.

எங்கள் தூரத்துச் சொந்தக்காரர் சீனிவாசலு ஒரு மில் நடத்திவந்தார். தொழிலாளர் வருகைக் கணக்குப் பார்க்கும் டைம் ஆபீசுக்கு ஆள் வேண்டுமென்று வீட்டுக்கே வந்தார். "ஏனுங்க மாமா, அந்தக் கிறிஸ்தவப் பையன் எப்படிங்க?" என்று கேட்டார்.

"தங்கமான பையனுங்க மாப்பிள்ளை. நேர்மைன்னா அப்படியொரு நேர்மை. தப்புன்னு பட்டா, எதுக்க நிக்கறது மொதலாளியா தொழிலாளியான்னு பாக்க மாட்டான்."

மனதாரத்தான் சொன்னேன். அந்த மாதம் அவர் மில் வாசலில் தொழிற்சங்கத்துக்காரர்கள் கொடி நட்டு உட்கார்ந்திருந்தது என் நினைவுக்கு வரவில்லை. "அப்படிங்களா, ரொம்ப சந்தோசமுங்க" என்று சொல்லிக் காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். அவரை நிறுத்தி, பையன் பரம சாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்ல நினைத்துக்கொண்டிருக்கும்போதே கார் கிளம்பிவிட்டது.

இரண்டு நாள் கழித்து பாக்கியராஜ் தொங்கிய முகத்தோடு வந்தான். "கெடைக்கலீங்க சார்" என்றான். பேப்பரை எடுத்துப் படித்தான். குரல் எழும்பவில்லை. நான் வழக்கத்தைவிட அதிகமாகவே வேடிக்கை பேசினேன். போகும்போது சிரித்துவிட்டான். அன்று நன்றாகத் தூங்கினேன். அது எனக்கே கொஞ்சம் வியப்பாக இருந்தது.

அடுத்தது பவானியில் ஒரு ஜமக்காள வியாபாரி. வெளிநாட்டுக்குச் சரக்கு அனுப்ப, இங்கிலீஷ் தெரிந்த ஆள் தேடினார். அவருக்கு இரண்டு பையன்கள், இரண்டு பேருமே மந்தம். "இவன் கையில குடுத்தீங்கன்னா கம்பெனிய எங்கியோ கொண்டுபோயிருவானுங்க. நம்ம பசங்களே அவங்கிட்டக் கத்துக்கலாம்" என்றேன். அவர் கல்லாவில் உட்கார்ந்து பல் குத்திக்கொண்டிருந்த வாரிசுகளைப் பார்த்தார். எனக்கு நன்றி சொன்னார். பெரிய பார்சலாகப் பழம் கட்டிக்கொடுத்தார். இந்தத் தடவை எனக்கு மறதி ஒன்றும் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அதற்குப் பிறகுதான் விமலாராணி. மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளைப் பற்றி அவன் அக்காவிடம்கூடச் சொல்லவில்லை, முதலில் என்னிடம்தான் சொன்னான். ஈஸ்டருக்குள் ஒரு வேலையோடு வந்து பெண் கேள், இல்லாவிட்டால் வேறு இடம் பார்த்துவிடுவேன் என்று அவள் அப்பா கெடு வைத்திருந்தார். பையன் சாப்பாடு இறங்காமல் இளைத்துப் போனான். எனக்கு மனசு கேட்கவில்லை. மோட்டார் பம்பு செய்யும் திருமலைசாமியிடம் நானே அழைத்துப் போனேன். டை இல்லை, சர்டிபிகேட்டை நீட்டவில்லை, போட்டதைச் சாப்பிட்டான். எல்லாம் நான் சொல்லிக்கொடுத்தபடி. திருமலைசாமிக்கு மிகவும் பிடித்துவிட்டது. அவனை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, "இந்தப் பையனையே போட்டுரலாமுங்களா?" என்று கேட்டார்.

அவர் ஆபீஸ் கீழே, வீடு மாடியில். கல்யாண வயதில் மூன்று பெண்கள்.

"தாராளமாப் போடுங்க. ஆளும் லட்சணமா இருக்கறான். பாட்டுன்னா உசுருங்க. சர்ச்சுல அவன் பாடுனா தெருவே நின்னு கேக்கும். வயசுப் புள்ளைங்கெல்லாம் அவன் குரலுக்கே..." என்று சொல்லி, சிரித்து நிறுத்திக்கொண்டேன்.

மாடியில் யாரோ கொலுசு சத்தத்தோடு நடந்தார்கள். திருமலைசாமி அண்ணாந்து பார்த்தார். பிறகு மழை எப்போது வரும் என்பதைப் பற்றிப் பேசினார்.

ஈஸ்டர் வந்தது. விமலாராணியைத் திருச்சியில் ஒரு ரயில்வே கார்டுக்குக் கொடுத்துவிட்டார்கள். பாக்கியராஜ் என் நாற்காலிக் கையில் தலையை வைத்துக்கொண்டு அழுதான். முதுகைத் தடவிக்கொடுத்தேன். எனக்கும் கண் கலங்கியது. ஆனாலும் உண்மையைச் சொல்ல வேண்டுமே, ராமாமணி போன பிறகு அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை.

அப்புறம் சின்னச் சின்ன இடங்கள் சில. அவற்றைச் சொல்லி உங்கள் பொறுமையைச் சோதிக்க மாட்டேன். பையன் டியூஷன் எடுத்துக் காலம் தள்ளினான். தலை முன்பக்கம் லேசாக வழுக்கை விழ ஆரம்பித்தது. மற்றபடி நாங்கள் நன்றாகத்தான் இருந்தோம்.

அறுபத்திரண்டில் சாராள் என் வீட்டுக்கு வந்தாள். பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்குத் திருமலைசாமி வந்திருக்கிறார். அவர் கள்ளங்கபடம் இல்லாத மனிதர். "ஏனுங்க டீச்சரம்மா, உங்க தம்பி அத்தன லட்சணமாயிருந்தா நாங்க மூணு பொண்ணு வெச்சிருக்கறவங்க என்னங்க பண்றது? வரதராஜுலு சொன்னதுனால பொளச்சோம்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார். சாராள் சீனிவாசலுவையும் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தாள்.

"உட்காரு அம்மணி" என்றேன். உட்காரவில்லை.

"நீங்க எந்தம்பியப் பத்திக் கெட்டதா ஒண்ணு சொல்லியிருந்தாக்கூட, அது காதுல உளுந்து திருத்திக்கிட்டிருப்பானுங்க. நல்லதாவே சொல்லிப்போட்டீங்க. அதுக்கு அவன் என்னங்க சார் பண்ணுவான்?"

அவள் குரல் உயரவில்லை. நானும் மறுக்கவில்லை. மறுக்க என்ன இருக்கிறது, சொன்னதெல்லாம் நிஜம்தானே.

வந்த காரியத்தை அவளே சொன்னாள். வடக்கே புதிதாகக் கட்டிய சர்க்கார் உருக்காலை ஒன்றில் கணக்குப் பிரிவுக்கு அவனைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். என்னிடம் சொன்னால் ஆச்சரியப்படுத்த முடியாதென்று பரீட்சை எழுதியதையே அவன் மறைத்திருக்கிறான். பாக்கி இருப்பது போலீஸ் விசாரணை மட்டும். தன்னைப் பற்றித் தெரிந்த பெரிய மனிதர் என்று என் பெயரைக் கொடுத்திருக்கிறான்.

"வேற பேரு குடுடான்னு கெஞ்சிப் பாத்துட்டனுங்க. சார்தான் எனக்கு அப்பா மாதிரிங்கறான். உங்களப் பத்தி நான் ஒண்ணும் சொல்லலீங்க, சொன்னா நம்ப மாட்டான். அவனுக்கு வயசு தாண்டிரும், இதுதான் கடைசிங்க. போலீஸ்காரரு வந்தா சாதாரணப் பையன்னு சொல்லுங்க. தங்கம் வைரமெல்லாம் வேண்டாமுங்க. சாதாரணப் பையன். அது போதும்."

"சரி அம்மணி" என்றேன். சொல்லும்போது அப்படியே செய்ய வேண்டும் என்றுதான் நினைத்தேன். இதை நீங்கள் நம்ப வேண்டும்.

ஏட்டு மைதீன் பிச்சை அடுத்த வாரம் சைக்கிளில் வந்தார். காபி கொடுத்தேன். நல்ல மனிதர், இருக்கிற பத்து விசாரணையில் இதுவும் ஒன்று, சீக்கிரம் முடிந்தால் வீட்டுக்குப் போகலாம் என்ற அவசரத்தில் இருந்தார்.

"பையன் எப்படிங்க? கச்சி கிச்சின்னு ஒண்ணும் இல்லீங்களே?"

சாதாரணப் பையன் என்ற வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அப்போது எனக்கு ஒரு ஆத்திரம் வந்தது. யாரைச் சாதாரணப் பையன் என்று சொல்வது? நாலு வருஷம் என் எதிரில் உட்கார்ந்து படித்தவனையா? சொந்தப் பிள்ளையைப் பற்றி ஒருவன் அப்படி எழுதிக்கொடுப்பானா? சாராளுக்குத் தம்பியின் மதிப்புத் தெரியவில்லை. எனக்குத் தெரியும்.

"கச்சியெல்லாம் கெடையாதுங்க ஏட்டய்யா. ஆனா பெரிய படிப்பாளிங்க. ரஷ்யாக்காரங்க புஸ்தகமெல்லாம் கரைச்சுக் குடிச்சவன். ஏழைபாழைங்க கஷ்டத்தப் படிச்சா அவனுக்குக் கண்ணுல தண்ணி வந்துரும்" என்றேன்.

ஏட்டு எழுதுவதை நிறுத்தினார். சர்க்கார் வேலை, ரஷ்யா, ஏழைகள். வீட்டுக்குப் போகும் அவசரம் முகத்திலிருந்து போய்விட்டது. என் அலமாரியைத் திரும்பிப் பார்த்தார்.

"இதெல்லாம் அவரு புஸ்தகங்களா?"

"அவன்தானுங்க படிக்கறான்" என்றேன்.

அதிலும் பொய் இல்லை. ஏட்டு எழுந்து போய் ஒவ்வொரு அட்டையாகப் பார்த்து, நிதானமாக எழுதிக்கொண்டார். இன்னொரு காபி வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றுவிட்டார்.

உருக்காலையிலிருந்து உத்தரவு வரவில்லை. காரணம் சொல்லும் வழக்கம் சர்க்காருக்கு இல்லை. ஆனால் சாராளுக்குக் காரணம் தெரிந்திருந்தது. இந்தத் தடவை அவள் தம்பியிடம் எல்லாவற்றையும், சீனிவாசலுவில் தொடங்கி, ஒன்று விடாமல் சொல்லியிருக்கிறாள்.

அன்று பாக்கியராஜ் வந்து வாசலில் நின்றான். கையில் தகரப் பெட்டி. முகம் சிவந்திருந்தது. தெரிந்துவிட்டது, கேட்கப்போகிறான் என்று நினைத்தேன். கேட்டால் இங்கே உங்களிடம் சொன்னதை அவனிடமும் சொல்லியிருப்பேன்.

"அக்கா உங்களப் பத்தி என்னென்னமோ பேசறாங்க சார். வாயில சொல்லவே முடியாதுங்க. சண்டை போட்டுப்போட்டு ஊட்ட உட்டே வந்துட்டனுங்க" என்றான். "இனி அந்தப் பக்கம் போக மாட்டனுங்க."

உள்ளே கூப்பிட்டேன். பெட்டியை நானே வாங்கி வைத்தேன். என் பிள்ளைகள் இருந்த பின்னறையை ஒழித்துக்கொடுத்தேன். இப்போது அங்கேதான் இருக்கிறான். பாவம், என்னை விட்டால் அவனுக்கு யார் இருக்கிறார்கள்?