நான்காவது பதக்கம்

பதக்கத்தைப் பற்பசை போட்டுத் தேய்க்கக் கூடாது, சார். பளபளவென்று வரும், ஆனால் எழுத்து மழுங்கிவிடும். மெல்லிய துணியால் ஒற்றி எடுத்தாலே போதும். உங்கள் மேசைமேல் கிடக்கும் நான்கையும் இத்தனை வருஷம் அப்படித்தான் வைத்திருந்தேன்.

இடது ஓரத்தில் இருப்பது, கடற்படையில் கொஞ்ச காலம் குப்பை கொட்டிய எவருக்கும் கிடைப்பது. அதை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனபோது அப்பா செய்தித்தாளை மடிக்கக்கூட இல்லை. "சரி, வை" என்றார்.

இரண்டாவது புயலில் கிடைத்தது. சிக்னல்காரன் ஒருவன் மேல்தளத்திலிருந்து தவறிக் கடலில் விழுந்தான். யோசிக்கவே இல்லை, குதித்துவிட்டேன். படகு வந்து தூக்கும்வரை அவன் காலரை நான் விடவில்லை. விழாவுக்கு அப்பா வந்திருந்தார். பக்கத்து நாற்காலிக்காரரிடம், "எம் பையன்தாங்க அது" என்று அவர் சொன்னது என் காதில் விழுந்தது. அதுவரை யாரிடமும் அவர் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை.

அதன்பிறகு பல வருஷம் கடல் சாதுவாக இருந்தது. யாரும் விழவில்லை. சாப்பாட்டுக் கூடத்தில் நான் அந்தக் கதையைத் தொடங்கினாலே, "அண்ணே, ரீல் அந்து போச்சு" என்று சிரிப்பார்கள். அப்பா மறுபடியும் செய்தித்தாளுக்குள் போய்விட்டார்.

மேல்தளத்தின் ஓரமாகக் கைப்பிடிக் கம்பி ஓடும். ஆட்கள் இறங்கி ஏற அதில் ஓர் இடத்தில் திறப்பு உண்டு. அங்கே கம்பியை ஒரு கொக்கிதான் பிடித்திருக்கும். பராமரிப்பு என் பொறுப்பு. கொக்கியைக் கழற்றிவிட்டுக் கம்பியைச் சும்மா செருகி வைத்தால் பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. சாய்ந்தால் தெரியும்.

மூன்றாவது பதக்கம் அப்படித்தான் வந்தது. என் பெட்டியில் நீங்கள் எடுத்த இரண்டு கொக்கிகளில் துருவேறியது அப்போது நான் இருந்த கப்பலுடையது. விழுந்தவர் ஸ்டோர் கணக்கர். பத்திரமாக மேலே கொண்டுவந்தேன். இன்றைக்கும் போன் பண்ணி நலம் விசாரிக்கிறார். இதில் யாருக்கு என்ன நஷ்டம், சொல்லுங்கள்.

சமையல்காரனை ஏன் தேர்ந்தெடுத்தேன் என்று கேட்டீர்கள். அவன்மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. நீச்சல் தேர்வில் தட்டுத்தடுமாறித் தேறியவன். நன்றாக நீந்துகிறவனுக்கு நான் எதற்கு? மதிய வேலை முடிந்ததும் டீ டம்ளரோடு அந்தத் திறப்புப் பக்கம்தான் சாய்ந்து நிற்பான். ஒருமுறை நானே எச்சரித்தேன். "பாத்து நில்லுப்பா."

"நீங்க இருக்கும்போது எனக்கென்னண்ணே பயம்?" என்றான். எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

அன்று அலை கொஞ்சம் அதிகம். டம்ளரோடு போனான். அவன் தண்ணீரைத் தொட்டதும் நானும் குதித்துவிட்டேன். உங்கள் சாட்சிகள் எல்லாரும் அதைச் சொல்லியிருக்கிறார்கள். எட்டிப் பிடிக்க முடியவில்லை, அலை இழுத்துப் போய்விட்டது என்று அப்போது எழுதிக் கொடுத்தேன். அது சரியல்ல. பிடித்துவிட்டேன். பின்பக்கமாக அக்குளில் கை கொடுத்து, தலையை மேலே தூக்கி வைத்திருந்தேன். இருமி முடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தான்.

"காலைல அந்தக் கொக்கிய நீங்கதானேண்ணே கழட்டினீங்க? தொடைக்கிறதுக்குன்னு நெனச்சேன்."

குரலில் கோபமில்லை. புரியாமல்தான் கேட்டான்.

மேலே ஏறியதும் எல்லாரிடமும் இதையே கேட்பான். அப்புறம் சிக்னல்காரனையும் நான்தான் விழவைத்தேன் என்பார்கள். அவனை நான் உண்மையாகவே காப்பாற்றினேன், சார். அப்படி ஒரு பொய் அப்பா காதுக்குப் போகலாமா? கையை எடுத்தேன். தலையை அமுக்கவில்லை, அதைக் குறித்துக்கொள்ளுங்கள். அவன் என் சட்டையைப் பற்றிக்கொண்டான். விரல்களை மட்டும் ஒவ்வொன்றாக விலக்கிவிட்டேன்.

பதக்கம் கொடுத்த அன்று அவன் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "கடைசி வரைக்கும் நீங்களாவது கூட இருந்தீங்களேண்ணே" என்று அழுதாள். பொய்யில்லையே, இருந்தேன்.

படகு வரும்வரை அவனைக் கூப்பிட்டுக்கொண்டே நீந்தினேன். கப்பலில் இருந்தவர்களுக்குக் கேட்கட்டும் என்று நான் நடித்ததாக உங்கள் மேலதிகாரி சொல்கிறார். அப்படியில்லை, சார். எப்படியாவது அவனைக் கண்டுபிடித்துக் காப்பாற்றிவிட வேண்டும் என்றுதான் தேடினேன்.