யாரும் கேட்காத வீடு

— ஒருத்தனும் கேக்க மாட்டான், மொத ரவுண்டு சும்மா போயிரும்னு நீதானண்ணே சொன்ன?

— சொன்னேன் சுடரு. நூத்துக்குத் தொண்ணூறு வீடு அப்படித்தான் போவும். நம்ம நேரம், எவனோ ஒருத்தன் உள்ள பூந்து ஒன் வீட்டை எடுத்துட்டான். மொதல்ல உக்காரு. பஸ்லயா வந்த?

— திருக்காட்டுப்பள்ளியிலேருந்து நின்னுக்கிட்டே வந்தேன்.

— மாப்ள வரலையா?

— அவரு வாய்க்கா மதகுல உக்காந்திருக்காரு. வீடு ஏலம் போயிருச்சுன்னு போன் வந்ததுலேருந்து அங்கதான். சாப்பிடக் கூப்பிட்டா திரும்பிப் பாக்கறாரு, எந்திரிக்க மாட்டேங்கறாரு. வீட்டை பேங்க்குல அடமானம் வச்சு அறுப்பு மெஷின் வாங்காதீங்கன்னு அன்னைக்குத் தலபாடா அடிச்சுக்கிட்டேன். இப்ப அதைச் சொல்லிக் காட்டக்கூட மனசு வரல.

— விடு. அறுப்பு நேரமாப் பாத்து மழை ஊத்திக் கெடுத்தா அவரு என்ன பண்ணுவாரு. காபி குடிக்கிறியா?

— அண்ணி எங்க?

— உள்ள படுத்திருக்கா. தலவலி.

— நான் வந்தா வாசலுக்கே வந்து கையப் பிடிப்பாங்க.

— தலவலின்னு சொல்றேன்ல.

— சரி. எனக்கு ஒண்ணுதான் புரியல. இந்த ஆன்லைன் ஏலத்துலயே பழம் தின்னு கொட்டை போட்ட ஆளு நீ. வெலையக் கொறைய விட்டு, கடைசி ரவுண்டுல நீயே எடுத்து எம் பேருக்கு எழுதித் தர்றேன்னு சொன்ன. எங்க தப்புச்சு?

— அதெல்லாம் இப்ப எதுக்கு?

— சொல்லுண்ணே. கண்ண மூடுனா அதேதான் ஓடுது.

— என்னத்தச் சொல்றது. வெலை எறங்கணும்னா எவனும் கேக்கக் கூடாது. மொத ரவுண்டுல ஆளு வரலன்னா பேங்க்காரன் கொறச்சுப் போடுவான். அடுத்ததுலயும் வரலன்னா இன்னும் கொறப்பான். அப்பப் போயி நின்னா சல்லிசா முடிஞ்சிரும். நின்னாலும் கடைசி அஞ்சு நிமிஷம் வரைக்கும் கை வைக்கக் கூடாது. முன்னாடியே கேட்டா மத்தவனுக்கு ஆசை வந்துரும். அப்புறம், போட்டோ மோசமா இருக்கற வீடாத் தேடணும். ஒன் வீட்டுக்குக் கொல்லைப்பக்கம் சாணிக்குப்பையோட எடுத்துப் போட்டிருந்தாங்க. பாத்ததும் எனக்கு அவ்வளவு சந்தோசம்.

— எனக்கு வயிறு எரிஞ்சுது. முன்பக்கம் வெள்ளையடிச்சு அப்பத்தான் அழகா வச்சிருந்தேன்.

— அழகா இருந்தா வெலை ஏறும்ல. எல்லாத்தையும்விட முக்கியம், ஆளு குடியிருக்கணும். குடியிருந்தா பாதிப் பேரு ஓடிருவான். கோர்ட்டு, போலீஸு, பொம்பளைங்க அழுகைன்னு எவன் மாட்டுவான்? அதான் ஒன்னைய மாட்டை வாசல்ல கட்டு, கொடியில துணியக் காயப் போடு, பாக்க வர்றவனுக்கு மொகம் குடுக்காதன்னேன்.

— கட்டுனேன், போட்டேன். பாக்க வந்தவங்களப் பேசாத பேச்சுப் பேசி வெரட்டுனேன். அதுல கும்பகோணத்துக்காரரு ஒருத்தரு, ரிட்டையர்டு வாத்தியாரு. 'நான் வாங்குனாலும் நீங்க இங்கயே இருங்கம்மா, கையில காசு சேந்ததும் திருப்பி எழுதித் தர்றேன்'னாரு.

— இது எப்ப? நீ சொல்லவே இல்லையே.

— எதுக்குச் சொல்லணும்? எங்க அண்ணன் பாத்துக்கும், ஒங்க தர்மம் வேணாம்னு செருப்பத் தூக்கிக் காட்டுனேன். அந்த மனுசன் ஒரு கும்பிடு போட்டுட்டுப் போயிட்டாரு.

— பேச்சுக்குச் சொல்லியிருப்பான். வாங்குனதுக்கப்புறம் எவன் குடுப்பான்?

— இருக்கும். கோயில் நெலத்தக் குத்தகைக்கு ஏலம் விட்டா, உழுவுறவனுக்கு எதிரா ஊருல யாரும் கேக்க மாட்டாங்கல்ல? அதே நெனப்புல நான் வீடு வீடா ஏறி எறங்குனேன். எங்க வீடு கம்ப்யூட்டர்ல ஏலத்துக்கு வருது, தயவு பண்ணி யாரும் கேக்காதீங்கன்னு கேட்டுக்கிட்டேன். இராஜாங்கம் சித்தப்பா அய்யனாரு மேல சத்தியம் பண்ணாரு. பக்கத்து வீட்டு ஹுமைரா, எங்க வீட்டு மேல எத்தனை நாளா கண்ணா இருந்தவ! அவளே 'ஒன் வீட்டை நான் கேக்க மாட்டேன்டி'ன்னு கையில அடிச்சுக் குடுத்தா.

— நல்ல சனங்க.

— நல்ல சனங்கதான். ஊரே கையக் கட்டிக்கிட்டு நின்னுச்சு. ஒரே ஒரு ஆளுதான் கேட்டிருக்கு. பேங்க் போட்ட அடி வெலைக்கு மேல ஒரே ஒரு படி, அவ்வளவுதான். எதிர்க்க யாரும் வர மாட்டாங்கன்னு அந்த ஆளுக்கு எப்படிண்ணே தெரியும்?

— குருட்டாம்போக்குல அடிச்சிருப்பான். மெட்ராஸ்காரனா இருக்கும். அவனுக்கு ஊரு ஏது, ஒறவு ஏது?

— நீ டெபாசிட்டாவது கட்டி வச்சிருந்தா, எதிர்த்துக் கேட்டிருக்கலாமே.

— கட்டுனா ஆளு இருக்குன்னு பேங்க்காரன் மோப்பம் பிடிச்சிருவான். அதுவும் ஏலம் ஆடிப்பெருக்குக்கு மறுநாளு. ஆத்துல குளிச்சுட்டு, சித்ரான்னம் தின்னுட்டு எல்லாம் அசந்து கெடக்கற நேரம். எவன் வரப்போறான்னு நெனச்சேன்.

— அன்னைக்கு ஒனக்குப் போன் போட்டுக்கிட்டே இருந்தேன். நீ எடுக்கல.

— சார்ஜ் இல்ல சுடரு. இந்தப் பேச்சை விடேன். இன்னும் வழி இருக்கு. வாங்குனவன் யாருன்னு விசாரிச்சு, கையக் காலப் பிடிச்சு டைம் கேப்போம். நானே பேசறேன்.

— நீயே பேசுறியா?

— ஒனக்காகப் பேசாம வேற யாருக்காகப் பேசப் போறேன்? எனக்குன்னு இருக்கறது நீ ஒருத்திதானே.

— ஆமாண்ணே. அம்மா சாவுறப்ப ஒங் கையிலதானே என்னையப் பிடிச்சுக் குடுத்துச்சு.

— அழாத.

— அழல. இங்க வர்றதுக்கு முன்னாடி பேங்க்குக்குப் போயிட்டுத்தான் வர்றேன்.

— எதுக்கு? நான் போறேன்னு சொல்லியிருந்தேன்ல?

— சாவிய எப்பக் குடுக்கணும்னு கேக்கப் போனேன். மேனேஜரு நல்ல மாதிரி, உக்கார வச்சுத் தண்ணி குடுத்தாரு. வாங்குனவங்க பேரை வாய்விட்டுப் படிச்சாரு. புருஷன் பேரையும் சேத்துப் படிச்சாரு. 'ஒங்களுக்குத் தெரிஞ்சவங்களாம்மா?'ன்னாரு.

— சுடரு...

— தெரியாதுன்னு சொல்லிட்டேன். அண்ணி உள்ள அழுவுறாங்க, போயித் தேத்து. நான் சண்டை போட வரலண்ணே. சண்டை போட்டுட்டு நாங்க எங்க போயி இருக்கறது? வாடகை எவ்வளவுன்னு மட்டும் சொல்லு.