வற்றிய தட்டில் மலர்ந்த ஊதா

இருபத்தொன்பது ஆண்டுகள் எங்கள் ஆய்வகத்தைக் கண்ணெனக் காத்த கனிவே! கழுவிக் கவிழ்த்த சோதனைக் குழாய்களில் எங்கள் முகம் தெரியவைத்த தூய்மையே! இன்று ஓய்வுபெறும் ஆய்வக உதவியாளர் செங்கமலம் அம்மா அவர்களே! வணக்கம்.

எங்களை விழிபிதுங்க வைத்த ஒரு சிறு புதிரை முதலில் சபையில் வைக்கிறோம். சென்ற ஆவணியில், பெரம்பலூர் அறிவியல் கண்காட்சிக்காக, உயிர் தோன்றுமுன் பூமியில் நடந்திருக்கக்கூடிய ஒன்றைச் செய்துகாட்ட முயன்றோம். புரதம் ஒரு மணிமாலை. அதன் மணிகள் அமினோ அமிலங்கள். கோக்க ஆளின்றி அவை தாமே கோத்துக்கொள்ளுமா? கிளைசின் என்னும் அமினோ அமிலத்தைச் சலவைச் சோடா நீரில் கரைத்து, சூடான மணல்மீது தட்டில் வைத்தோம். மணிகள் கோத்திருந்தால் சோதனையில் ஊதா நிறம் வரும், இல்லையேல் நீலம். ஆறு வாரமும் நீலம்! “ஆதிக்கடல் வற்றவில்லையே, தட்டும் வற்றக்கூடாது” என்று உங்களை ஓயாமல் நீர் ஊற்றச் சொன்னவன், இதை எழுதும் வேதியியல் ஆசிரியன் அறிவரசன்தான். “பேரை வாபஸ் வாங்கிடலாமா சார்?” என்று மாணவி மணிமொழியே கேட்டுவிட்டாள்.

அடுத்து வந்த புரட்டாசிச் சனிக்கிழமை பள்ளிக் காவலர் மணலுக்கடியில் அடுப்பை மூட்டிவிட்டார்; நீர் ஊற்ற வேண்டிய நீங்கள் இரண்டு மணி நேரம் தாமதம். திங்களன்று சோதித்தால், மெல்லிய ஊதா! என் முறை வென்றதென்று நான் மார்தட்டினேன். நீங்கள் மௌனமாக இருந்திருக்கலாம். இன்னொரு முறை தாமதித்தால் மெமோ என்று தலைமையாசிரியர் ஜெயசித்ரா அவர்கள் எச்சரித்திருந்தார். ஓய்வுபெற ஒரு மாதமே இருந்தது. ஆனாலும் அவர் முன்னிலையிலேயே சொன்னீர்கள்:

“கல்லங்குறிச்சி கோயில் கூட்டத்துல பஸ் மாட்டிக்கிச்சு சார். வந்து பார்த்தா தட்டு காஞ்சு வெள்ளையாக் கெடக்கு. தண்ணிய ஊத்திட்டேன். குழாய் கழுவுற வேலையில இன்னும் ரெண்டு தடவ வத்த வுட்டுட்டேன். சொல்லாம வுட்டா, பெரம்பலூர்ல நீலமா வந்து புள்ளைங்க மொகம் வாடிடும்.”

“மறுபடியும் வத்த வுடுங்கம்மா!” என்று நான் கத்தினேன்.

“கொஞ்சம் கொறஞ்சாலே திட்டுவீங்களே சார்!” என்றீர்கள். ஆய்வகமே சிரித்தது. தலைமையாசிரியரும் சிரித்தார், மெமோவை மறந்தார்.

அம்மா, காரணம் இதுதான். இரண்டு மணிகள் கோக்கும்போது ஒரு துளியினும் சிறிய நீர் மூலக்கூறு வெளியேற வேண்டும். சுற்றிலும் நீரே நிறைந்திருந்தால் அது எங்கே போகும்? கோத்ததும் அவிழும். காய்ந்தால் நீர் விலகும், மணிகள் சேரும். நனைந்தால் சேர்ந்தவை கரைந்து நகர்ந்து புதிய துணை தேடும். நானூறு கோடி ஆண்டுகளுக்கு முன், கரையோரக் குட்டைகள் வெயிலில் வற்றி மழையில் நிரம்பியபோது இப்படி நடந்திருக்கலாம். உயிரின் முழுக்கதையும் இதுவல்ல. முதல் அடிகளில் ஒன்றாக இருக்கக்கூடும். நான் கடலையே நினைத்துக் குட்டையை மறந்தேன். உங்கள் நேர்மை நினைவூட்டியது.

இனி எந்த பஸ்ஸுக்கும் ஓடாத காலைகளும், நோய் அண்டாத நெடிய ஆண்டுகளும் உங்களுக்கு வாய்க்கட்டும்! பெரம்பலூரில் எல்லோர் கண்முன்னும் ஊதாவைக் காட்டித்தந்த செய்முறை, உங்கள் கையெழுத்திலேயே நம் ஆய்வகச் சுவரில் இருக்கிறது: வற்ற விடவும். நன்றாகக் காய்ந்ததும் நீர் ஊற்றவும். மறுபடி வற்ற விடவும். ஏழு முறை.

அன்புடன்,
பள்ளியின் ஆசிரியர்கள், அலுவலர்கள்