அடைக்காமல் விட்ட துளை

பூண்டு வாசனை எனக்குப் பிடிக்கும். நிறையப் பேர் மூக்கைச் சுளிப்பார்கள். எனக்கோ அந்த வாசனை வந்தால் அன்றைய வேலை நல்லபடியாக நடக்கிறது என்று அர்த்தம். மலைக்குள்ளிருந்து எடுத்த கல்லைச் சுத்தியால் ஒரு தட்டுத் தட்டினால், சில கற்களிலிருந்து நச்சென்று பூண்டு வாசனை கிளம்பும். அப்படிக் கிளம்பினால் தங்கம் பக்கத்தில் எங்கேயாவது இருக்க வாய்ப்பு உண்டு. வாசனை தங்கத்துடையது இல்லை. தங்கத்தோடு ஒட்டிக்கொண்டு கிடக்கிற ஆர்சனிக்குடையது. நம் பேச்சில் சொன்னால் பாஷாணம்.

அவசரப்படுத்தாமல், என் போக்கிலேயே எழுதிக் கொடுக்கச் சொன்னீர்கள். அதற்கு நன்றி, ஐயா. முந்தின அதிகாரி மேஜையைத் தட்டித் தட்டிக் கேட்டார். மேஜையைத் தட்டினால் எனக்கு வார்த்தை வராது.

எங்கள் கம்பெனி சுரங்கம் தோண்டவில்லை. அதற்கு முந்தைய வேலை எங்களுடையது. தங்கமும் வெள்ளியும் இருக்கிறதா, இருந்தால் எவ்வளவு ஆழத்தில் என்று மலையைத் துளைத்துப் பார்ப்பது. வைரத்தூள் பதித்த முனையுள்ள குழாயைச் சுழற்றிக் கீழே இறக்கினால், குழாய்க்குள் உருளை உருளையாகக் கல் ஏறி வரும். கோர் என்று சொல்வோம். அதை வரிசை குலையாமல் மரப்பெட்டிகளில் அடுக்கி, தண்ணீர் தெளித்து, மேலிருந்து கீழ்வரை ஒவ்வொரு கோடாக வாசிப்பது புவியியலாளனான என் வேலை. மிஷினை ஓட்டுவது என் அத்தான். அவரை அந்த வேலையில் சேர்த்துவிட்டதே நான்தான். மலையடிவாரத்து ஊரில்தான் அவருக்கும் அக்காவுக்கும் வீடு. இரண்டே அறை, பின்பக்கம் ஒரு துவைக்கிற கல், தெருக்கோடியில் ஊர்க்கிணறு.

அக்காவைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். அம்மா போனபிறகு என்னை வளர்த்தது அவள். எனக்காகப் பள்ளிக்கூடத்தை விட்டவள், அதை ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. கல்யாணமாகிப் பல வருஷம் பிள்ளையில்லாமல் இருந்து, கேட்டவர்கள் வாயெல்லாம் கேட்டு ஓய்ந்தபிறகு, போன வருஷம் அவள் வயிற்றில் ஒன்று தங்கியது. அத்தானுக்குக் கால் தரையில் பாவவில்லை. எனக்கும்தான். நான் அவளை நேசித்தேன், ஐயா. அதில் சந்தேகம் வேண்டாம்.

அதே சமயத்தில்தான் கிணற்றுக்கு மேலே இருக்கிற சரிவில் துளை போட்டோம். அந்த மாதிரி ஒரு கோரை நான் அதுவரை பார்த்ததில்லை. சாம்பல் நிறத்தில் கோடு கோடாக வெள்ளி, அதற்கு நடுவே கண்ணுக்கே தெரிகிற மாதிரி தங்கப் பொட்டு. தட்டிப் பார்த்தேன், கொட்டகை முழுக்கப் பூண்டு வாசனை. அன்றைக்குச் சாப்பிடக்கூடத் தோன்றவில்லை. இன்னும் கீழே போனால் இதைவிடப் பெரிசாக ஒன்று இருக்கிறது என்று உள்மனசு அடித்துச் சொன்னது. ஆனால் எங்கள் குழாய் அதற்கு மேல் எட்டவில்லை. பெரிய மிஷின் மழைக்காலம் முடிந்துதான் வரும். அதற்குள் துளையிலிருந்து தண்ணீர் தானாகவே பொங்கி வெளியே வழிய ஆரம்பித்தது.

மலைக்குள் தண்ணீர் இரண்டு அடுக்காக இருந்தது. மேல் அடுக்கு நல்ல தண்ணீர். ஊர்க்கிணற்றுக்கு ஊறுவது அதுதான். அதற்குக் கீழே கெட்டியான களிமண் படுகை. அந்தக் களிமண்ணுக்குக் கீழே, பாஷாணக் கல்லோடு காலங்காலமாக ஊறிக்கிடக்கிற பழைய தண்ணீர். நாங்கள் போட்ட துளை களிமண்ணைக் குத்திக்கொண்டு போயிருந்தது. இந்த மாதிரித் துளையை முடித்தால் அடியிலிருந்து வாய்வரை சிமெண்ட் ஏற்றி அடைத்துவிட வேண்டும். இது எங்கள் தொழிலில் பாலபாடம்.

அத்தான் கேட்கத்தான் செய்தார். "மாப்ள, தண்ணி நிக்காம வருது. அடியிலேருந்து சிமெண்ட் ஏத்திடலாமா?"

"வேணாம் அத்தான். வாயில இரும்பு மூடியப் போட்டு இறுக்கிடுங்க, போதும். மழை விட்டதும் இதே துளையில இன்னும் கீழ போகணும்."

அவர் தலையைச் சொறிந்தார். படித்தவன் சொல்கிறான், சரியாகத்தான் இருக்கும் என்று மூடியைப் போட்டு இறுக்கினார். சரிவு காய்ந்துவிட்டது. மேலே நின்று பார்க்கிறவனுக்கு விஷயம் முடிந்தது. ஆனால் வாயை மூடினால் தண்ணீர் என்ன செய்யும், ஐயா? பக்கவாட்டில் போகும். களிமண்ணைத் தாண்டி ஏறி வந்து மேல் அடுக்கில் கலக்கும், அங்கிருந்து சரிவோடு கிணற்றுக்கு இறங்கும். கல்லூரியில் முதல் வருஷப் பையனைக் கேட்டாலும் சொல்வான். எனக்கும் தெரிந்திருந்தது.

சிமெண்ட் ஏற்றினால் துளை செத்துவிடும். பக்கத்திலேயே புதிதாக ஒன்று போடலாம்தான், ஆனால் கல்லுக்குள் ஓடுகிற கோடு கொஞ்சம் திரும்பியிருந்தால் அது தவறிப்போகும். தங்கம் தவறினால் மலையில் போட்ட கேம்ப்பைக் கம்பெனி கலைத்துவிடும். அத்தானும் எங்களிடம் கூலிக்கு வருகிற ஊர் ஆட்களும் நடுத்தெருவில் நிற்பார்கள். அவர்களை நினைத்துத்தான் அப்படி முடிவெடுத்தேன். தலைமை அலுவலகம் கட்டாயப்படுத்தியதா என்று கேட்டீர்கள். இல்லை. புதுத் துளை கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள். நான் கேட்கவில்லை.

மூடி போட்ட மறுநாளிலிருந்து அக்கா வீட்டில் தண்ணீர் குடிப்பதை நிறுத்திக்கொண்டேன். கேம்ப்பில் கேனில் வாங்குகிற தண்ணீரை பாட்டிலில் கொண்டுபோனேன். சும்மா ஒரு முன்ஜாக்கிரதைதான். அக்கா இதை எப்படிக் கவனிக்காமல் இருப்பாள்? "என்னடா, துரைக்கு எங்க வீட்டுத் தண்ணி எறங்கலியா?" என்று கேலி செய்தாள். வயிற்றுப்புண், டாக்டர் சொல்லியிருக்கிறார் என்றேன். உடனே முகம் வாடிவிட்டது. அதிலிருந்து எனக்கென்று காரமில்லாமல் தனியாகச் சமைத்து வைப்பாள். அதையும், கேம்ப்பிலேயே சாப்பிட்டுவிட்டேன் என்று சொல்லித் தட்டிக்கழித்துவிடுவேன். பாவம், அவளுக்கு அதில் ரொம்ப வருத்தம்.

கொஞ்ச நாளில் அக்காவுக்கு வாந்தி ஆரம்பித்தது. மசக்கை என்றார்கள். யாருக்கும் சந்தேகம் வரவில்லை, எல்லாருக்கும் சந்தோஷம்தான். அப்புறம் அத்தானும் வாந்தி எடுத்தார். "பொண்டாட்டிக்குத்தான் மசக்கைன்னு நெனச்சோம், இவருக்குமா?" என்று பக்கத்து வீட்டுக்காரி சொல்ல, தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன். நன்றாகச் சொன்னாள் என்றுதான் தோன்றியது.

வீட்டுக்கு வீடு பரவியபோது சிரிப்பு நின்றது. ஆஸ்பத்திரி நர்ஸம்மா விவரமானவள். தெரு ஜனங்களைக் கூட்டி, தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள் என்றாள். பாஷாணம் கொதித்தால் போகாது. தண்ணீர்தான் சுண்டும், விஷம் அப்படியே தங்கி இன்னும் கெட்டியாகும். நான் கூட்டத்தில் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். நாலு பேர் நடுவில் அவளை மறுத்துப் பேசுவது மரியாதையாக இருக்காது என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

கொதிக்க வைத்தும் குணமாகவில்லை என்றதும், நர்ஸம்மா கிணற்றையே சந்தேகப்பட்டாள். யாரும் தொடாதீர்கள் என்று சொல்லிவிட்டாள். மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஊற்றுக்குப் போய்த் தண்ணீர் எடுத்து வந்தார்கள். தூரம் அதிகம். வயிற்றைத் தூக்கிக்கொண்டு அக்காவும் கிளம்புவாள், அத்தான் திட்டி உட்காரவைத்துவிட்டு சைக்கிளில் குடத்தைக் கட்டிக்கொண்டு போவார். அந்த வாரங்களில் அக்கா முகம் தெளிந்தது. ஒரு வாய் சோறு உள்ளே நின்றது. பார்க்க எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது.

ஆனால் நர்ஸம்மா அதோடு விடவில்லை. கிணற்றுத் தண்ணீரை லேபுக்கு அனுப்ப வேண்டும் என்றாள். லேப் இருக்கிற நகரத்துக்குப் போகிற ஒரே வண்டி எங்கள் கம்பெனி வண்டி. கல்லும் தண்ணீரும் அதே லேபுக்குத்தான் அனுப்புவோம். என்னிடம் கொடுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று நானே முன்வந்து சொன்னேன். இதை யாரும் என்மேல் திணிக்கவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. லேபுக்கு அனுப்புகிற மாதிரிகளுக்கு நடுவே, ஒன்றுமே இல்லாத ஒரு வெறும் மாதிரியை வேண்டுமென்றே நுழைப்போம். அதில் தங்கம் இருக்கிறது என்று பதில் வந்தால் லேப் தப்பு செய்கிறது என்று அர்த்தம். தண்ணீருக்கும் அப்படித்தான், காய்ச்சி வடித்த சுத்தத் தண்ணீரை ஒரு பாட்டிலில் சேர்த்து அனுப்புவோம். அந்த வெறும் பாட்டிலில் கிணற்றின் சீட்டை ஒட்டினேன். நர்ஸம்மா கொடுத்த தண்ணீரைக் கொட்டகைக்குப் பின்னால் கொட்டினேன். செடிகொடி மேல் பட்டுவிடாமல் பார்த்துத்தான் கொட்டினேன்.

உண்மையான பதில் வந்திருந்தால் அன்றைக்கே துளையை அடைக்கச் சொல்லியிருப்பார்கள். நான் கேட்டதெல்லாம் மழை விடுகிறவரை கொஞ்சம் அவகாசம். அவர்கள் ஊற்றுத் தண்ணீரையே குடித்துக்கொண்டிருக்கலாம் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததாகத்தான் எனக்கு ஞாபகம்.

கிணற்றுத் தண்ணீர் சுத்தம் என்று பதில் வந்தது. நர்ஸம்மா அதைக் கிணற்றடிச் சுவரில் ஒட்டினாள். வயிற்றில் பாலை வார்த்த மாதிரி இருக்கிறது என்றாள் அக்கா. தெருப்பெண்கள் அப்போதும் தயங்கி நின்றார்களாம். அக்காதான் முதல் குடத்தை இறைத்து, எல்லாரும் பார்க்க ஒரு சொம்பு மொண்டு மடமடவென்று குடித்தாளாம். "என் தம்பியே பாத்துட்டான். இன்னும் என்ன பயம், வாங்கடி" என்றாளாம். இதை அத்தான் என்னிடம் பெருமையாகச் சொன்னார். எனக்கும் பெருமையாக இருந்தது. என்மேல் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை.

பிறகு ஒருநாள் அவள் கையைப் பிடித்துப் பார்த்தேன். விரல் நுனியெல்லாம் மரத்துப்போகிறது என்று காட்டினாள். நகங்களில் குறுக்கே வெள்ளைக் கோடு விழுந்திருந்தது. நுனிப்பக்கம் ஒரு பட்டை, நடுவே கொஞ்சம் தெளிவான நகம், அடியில் இன்னும் தடிமனாக இன்னொரு பட்டை. கோரை வாசித்து வாசித்து எனக்குக் கண் பழகியிருந்தது. நடுவில் தெளிவாக இருந்தது ஊற்றுத் தண்ணீர் குடித்த வாரங்கள். அடிப்பட்டை லேப் பதில் வந்த பிறகு. சத்துக் குறைவு என்று சொல்லி, அன்றைக்கே கால்சியம் மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். வேளாவேளைக்குத் தவறாமல் சாப்பிட்டாள், அதே தண்ணீரில்.

பிள்ளை வயிற்றிலேயே அசைவு நின்றுபோனது. எடுத்த மூன்றாம் நாள் அக்காவும் போய்விட்டாள். தெருவில் இன்னும் சில வீடுகளிலும் சாவு விழுந்தது. அந்த விவரமெல்லாம் உங்களிடம் இருக்கிறது. என்னால் அழாமல் இருக்க முடியவில்லை. வார்டில் இருந்தவர்கள் என்னைத்தான் பிடித்துத் தேற்றினார்கள்.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் அத்தான் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"மாப்ள, நீ எங்க வீட்டுத் தண்ணியக் குடிக்கிறத எப்ப நிறுத்தின?"

"மூடி போட்ட மறுநாள், அத்தான்."

நேராகக் கேட்டால் நான் பொய் சொல்கிறவன் இல்லை. அவர் என்னை அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடிக்கவில்லை. தன் கைகளை விரித்துப் பார்த்துக்கொண்டே, "நான்தானே இறுக்கினேன்" என்றார். நீங்க என்ன பண்ணுவீங்க, நான் சொன்னதைத்தானே செஞ்சீங்க என்று அவரைச் சமாதானப்படுத்தினேன். எழுந்து போனார். நேராக உங்களிடம்தான் வந்திருக்கிறார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை.

ஆகவே, நீங்கள் கேட்டபடி தெளிவாகவே எழுதுகிறேன். துளையை அடைக்காமல் விட்டது நான். விஷம் கிணற்றுக்குப் போகும் என்று மூடி போடுவதற்கு முன்பே எனக்குத் தெரியும். பாட்டிலை மாற்றியதும் நான். விலகிப் போன ஊரை மறுபடி அந்தக் கிணற்றுக்குக் கூட்டிவந்தது என் பாட்டில். என் அக்காவையும் அவள் பிள்ளையையும் மற்றவர்களையும் கொன்றது நான். கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். நாளைக்கு உங்கள் ஆட்கள் துளையில் சிமெண்ட் ஏற்றப் போவதாகக் கேள்விப்பட்டேன். அதில் அவசரப்பட ஒன்றும் இல்லை, ஐயா. ஊரைக் காலி செய்தாகிவிட்டது, கிணற்றுக்குப் பூட்டுப் போட்டாகிவிட்டது, இனி அங்கே குடிக்க யாருமில்லை. மழையும் விட்டுவிட்டது. பெரிய மிஷினை வரவழைத்து இன்னும் கொஞ்சம் கீழே போய்ப் பார்த்துவிட்டு அடைக்கச் சொல்லுங்கள். கோர் பெட்டிகளை இங்கே அனுப்பினால் நானே வாசித்துச் சொல்கிறேன், சம்பளம் வேண்டாம். அக்கா இருந்திருந்தால், தம்பி தொடங்கின வேலையை முடிக்கட்டும் என்று எனக்காக அவளே உங்களிடம் வந்து கேட்டிருப்பாள்.