ஒரே இடத்தில் அழுத அறுபது பேர்

மேடையில் அமர்ந்திருக்கும் முதல்வர் அவர்களே, சக ஆசிரியர்களே, முன்வரிசையில் இருக்கும் அக்காவின் கணவரே, மகளே, இடம் கிடைக்காமல் சுவரோரம் நிற்கும் மூன்றாம் ஆண்டு மாணவர்களே,

எனக்கு ஐந்து நிமிடம் தந்திருக்கிறார்கள். எழுதி வந்த தாளை நான்கு முறை மடித்துப் பிரித்துவிட்டேன். அதில் இருப்பதை வாசிக்க மனம் வரவில்லை.

ஆங்கிலத் துறைத் தலைவர். இருபத்தாறு ஆண்டுகள் அமெரிக்க நாடகமும் கவிதையும் நடத்திய பேராசிரியை. உங்களுக்கு மேடம், ஆசிரியர் அறையில் எனக்கு அக்கா. போன வியாழக்கிழமை காலை நம்மை விட்டுப் போனார்.

அவர் எப்படிப் பாடம் நடத்துவார்? ஒருமுறை ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டேன். ஒரு கவிதையில் 'அவன் திரும்பி வந்தான்' என்று ஒரு வரி நின்றுவிடும். 'வீடு இல்லை' என்பது அடுத்த வரி. வரி ஏன் அங்கே நிற்கிறது என்று கேட்டார்.

"பேப்பர் தீர்ந்துபோச்சு மேடம்" என்றான் கடைசி பெஞ்சில் ஒருவன்.

"சரிடா, தீராத மாதிரி வாசி."

ஒரே மூச்சில் வாசித்தான்.

"இப்ப என்ன கெட்டுப்போச்சு?"

"பயம் போயிடுச்சு மேடம்" என்றான் அவனே.

உத்தி என்றால் என்ன என்பதற்கு அவர் சொன்ன விளக்கம் அவ்வளவுதான். கதையமைப்புக்கும் அப்படித்தான். உச்சக்கட்டம் எது என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. மாணவர்கள் சண்டை போட்டுக் கண்டுபிடிக்க வேண்டும்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? நல்லது செய்வதாக நினைத்து, இந்த ஆண்டு பாடத்தில் இருக்கும் நாடகத்துக்கு நான்கு பக்கக் குறிப்பு தயாரித்து மாணவர்களுக்குக் கொடுத்தேன். உருவகம், முன்னுணர்த்தல், நாடக முரண் என்று வரிசையாக. 'உச்சக்கட்டம்: இரண்டாம் அங்கம், மகன் கடிதத்தை எரிக்கும் இடம்.' உங்களை அழவைத்த இடம் எது என்று கேட்டிருந்த உள்தேர்வின் விடைத்தாள்களை அக்கா கொண்டுவந்து என் மேசையில் வைத்தார்.

"அறுபது பேரும் ஒரே இடத்துல அழுதிருக்காங்க. நீ சொன்ன இடத்துல."

"பரீட்சைக்கு உதவும்னுதான் அக்கா..."

"உதவும். அதான் எனக்குப் பயமா இருக்கு."

நான் கோபப்பட்டேன். அதன்பின் மூன்று மாதம் வேலைக்கு வேண்டியதைத் தவிர நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. அவர் அடிக்கடி அரைநாள் விடுப்பு எடுத்தார். என் முகத்தில் விழிக்கப் பிடிக்காமல் போகிறார் என்று நினைத்தேன். உண்மையில் மருத்துவமனைக்குப் போயிருக்கிறார். கணவருக்குத் தெரியும், மகளுக்குத் தெரியும். யாரிடமும் சொல்லக் கூடாது என்று அவர்களிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். பார்ப்பவர்களுக்குத் தெரிந்த ஒன்று பாத்திரத்துக்குத் தெரியாமல் இருப்பது நாடக முரண் என்று இரண்டாம் பக்கத்தில் எழுதியவள் நான். மூன்று மாதம் அந்தப் பாத்திரமாக எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவளும் நான்தான். எனக்கு எப்படித் தெரியாமல் போயிற்று? வியாழக்கிழமையிலிருந்து வீட்டில் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. அடுப்பில் எதை வைத்தாலும் மறந்துவிடுகிறேன்.

இரண்டு அங்கம் முடித்திருந்தார். மூன்றாவது பாக்கி. தேர்வுக்குப் பத்தொன்பது நாள் இருக்கிறது. நேற்று முதல்வர் என்னை அழைத்தார்.

"உங்க குறிப்பு இருக்குல்லம்மா, அதைக் குடுத்து முடிச்சிடுங்க. பிள்ளைங்க பாஸ் ஆகணும்."

"சரிங்க சார்" என்றேன்.

முதல்வர் அவர்களே, உங்கள் கவலை நியாயமானது. ஆனாலும் நேற்று சொன்ன அந்தச் 'சரி'யை இந்தச் சபையின் முன் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். இதைத் தனியாக உங்கள் அறையில் சொல்லியிருக்க வேண்டும். அங்கே எனக்குத் தைரியம் வந்திருக்காது.

மாணவர்களே, நாளைக் காலை பத்து மணிக்கு மூன்றாம் அங்கம் தொடங்குகிறோம். குறிப்பு கிடையாது. வரி வரியாக வாசிப்போம், சண்டை போடுவோம். அவரைப் போல எனக்கு நடத்த வராது. பல இடங்களில் எனக்கே விடை தெரியாது. அப்போது தெரியாது என்று சொல்வேன். அவர் விட்டுப்போன வேலையை என்னால் இப்படித்தான் தொடர முடியும்.

மதிப்பெண் குறையலாம். யார் நடத்தினார்கள் என்று வீட்டில் கேட்டால் என் பெயரைச் சொல்லுங்கள். அக்காவின் பெயரை யாரும் இழுக்கக் கூடாது.